பூட்டு என் வீட்டில், சாவி சிங்கப்பூரில்

கேம் விமர்சனத்தைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பார்கள். 2023 தீபாவளித் தள்ளுபடியில் 1,299 ரூபாய்க்கு வாங்கிய கார் ரேஸ் கேமைப் பற்றி நான் இப்போதுதான் எழுதுகிறேன். அதன் குணம் தெரிய எனக்கு ஒரு வெள்ளமும் இரண்டு ஆடிக் காற்றும் தேவைப்பட்டன. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு முகூர்த்த மாதத்தில் சண்டை போட நேரம் கிடையாது.

திருநெல்வேலி பக்கம் கல்லிடைக்குறிச்சியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ, அப்பளக் கம்பெனிகளுக்கு லேபிள் டிசைன், இதுதான் பிழைப்பு. ஆல்பம் வேலைக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கார் ஓட்டுவேன். நிஜத்தில் என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேம் அருமை. மழை பெய்யும்போது கண்ணாடியில் விழும் சொட்டு, வேகம் கூடக்கூட மேல்நோக்கி ஓடும். வைப்பர் துடைத்த இடத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு தண்ணீர் நடுங்கிக்கொண்டே நிற்கும். இதை ஒருவன் நிஜக் காரில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். ஜப்பான் மலைப்பாதை ஒன்று வருகிறது. சின்ன வயதில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அவர் ஸ்டியரிங்கை ஒடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஜப்பான் வளைவுகளில் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வரும். சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் இன்ஜின் சத்தம் மாறுவதற்காகவே அதே ரோட்டில் நாலு தடவை போயிருக்கிறேன். இதற்கெல்லாம் ஐந்துக்கு ஐந்து போடலாம்.

சரி, இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

நான் தனியாக ஆடுகிறவன். முகம் தெரியாத ஆட்களோடு போட்டி போட்டுத் திட்டு வாங்க எனக்கு ஆசை இல்லை. எதிரே ஓடும் கார்கள் எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுவதுதான். ரோடு, கார், மழை எல்லாமே 70 ஜிபிக்கு மேல் என் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. ஆனாலும் கேமைத் திறந்ததும் அது முதலில் நெட்டுக்குப் போய் சர்வரைக் கேட்கிறது. சர்வர் பதில் சொன்னால்தான் மெனு வரும். ஏரியா தேர்வு செய்யும் இடத்தில் எனக்கு அது காட்டியது சிங்கப்பூர். அம்பாசமுத்திரம் தாலுகாவில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டில் இருக்கும் காரை எடுக்கச் சிங்கப்பூரிடம் சாவி கேட்கிறேன்.

நெட் ஒழுங்காக இருந்த முதல் மாதம் இது எனக்கு உறைக்கவே இல்லை. அப்புறம்தான் டிசம்பர் 17 வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி வந்து, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அக்கா வீடும் அங்கேதான். தண்ணீர் வடிந்ததும் அக்காவும் எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பகலெல்லாம் நானும் அத்தானும் அங்கே போய்ச் சகதி அள்ளினோம். கட்டில், பீரோ, ஆல்பங்கள், எல்லாம் ஒரே சேற்று நிறம். பையனுக்கு மட்டும் அரையாண்டுப் பரீட்சை தள்ளிப்போன சந்தோஷம்.

எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது, நெட் வரவில்லை. செல்போன் டவர் வருவதும் போவதுமாக இருந்தது. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு, பையன் முகத்தைப் பார்த்து, வாலே கார் ஓட்டலாம் என்று கேமைத் திறந்தேன். கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்.'

"மாமா, கார் நம்ம கம்ப்யூட்டர்லதான கெடக்கு? அப்புறம் எதுக்கு நெட்டு கேக்கு?"

"கணக்கு நோட்டு அவங்க கிட்ட இருக்குலே. நாம எத்தன காரு ஜெயிச்சோம், எவ்வளவு காசு சேத்தோம்னு அவங்கதான் எழுதி வச்சிருக்காங்க."

"அப்போ காசு குடுத்து வாங்கல? வாடகைக்கா எடுத்த?"

பதில் சொல்ல முடியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள், "ஊரே தண்ணில மெதந்து வந்திருக்கு, ஒனக்கு இப்ப காரு ஓட்டுததுதான் கேடு!" அவள் சொன்னதும் நியாயம்தான்.

கடைசியில் அலமாரியில் தேடி ரோட் ராஷ் சிடியை எடுத்தேன். தொண்ணூறுகளில் வந்த பைக் ரேஸ். அது அசல் சிடியா என்று யாரும் கேட்க வேண்டாம், டவுனில் 50 ரூபாய்க்கு வாங்கியது. கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு ஓடியது. பையன் சங்கிலியைச் சுழற்றிப் பக்கத்து பைக்காரனை அடித்துக் கீழே தள்ளி, ராத்திரி பதினொன்று வரை சிரித்துக்கொண்டிருந்தான். திருட்டு சிடி பேசாமல் ஓடியது. ரசீதோடு வாங்கியது என்னைச் சந்தேகப்பட்டு வாசலில் நிறுத்தி வைத்தது. நெட் வர இன்னும் நாலு நாள் ஆயிற்று.

வெள்ளம் எப்போதோ ஒரு முறை வருவது, அதை வைத்து ஒரு கேமைத் திட்டலாமா என்று கேட்கலாம். காற்று அப்படியில்லையே. ஆனியில் கிளம்பினால் ஆடி முடிகிற வரை மலையிலிருந்து இறங்கி வீசும். 2024 ஆடியில் ஒரு ராத்திரி நாற்பது நிமிட ரேஸ் ஒன்று ஆடினேன். டயர் தேய்வு, பெட்ரோல் கணக்கு எல்லாம் பார்த்து ஓட்ட வேண்டிய ரேஸ். கடைசிச் சுற்றில் இரண்டாவது இடத்தில் இருந்தேன். அந்த நேரம் பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை மட்டை விழுந்து ஃபைபர் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மோடம் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. இன்வெர்ட்டர் இருந்ததால் கம்ப்யூட்டர் அசையவில்லை. கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுமார் பத்து வினாடி. அப்புறம் படம் அப்படியே உறைந்து, 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. நாற்பது நிமிடமும் போச்சு, காசும் சேரவில்லை. கண் எதிரே எல்லைக் கோடு தெரிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடலாமே என்பீர்கள். ஆடிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர் பழங்காலத்துச் சுவர், உள்ளே சிக்னல் நுழையாது. போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு மாடி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு கோடு வரும். ரேஸுக்கு அது போதும், டேட்டாவும் அதிகம் தின்னாது. ஆனால் மாதம் ஒரு அப்டேட் வரும், 6 ஜிபி, 9 ஜிபி என்று. அதை இறக்காமல் உள்ளே விடாது. என் பிளான் நாளைக்கு 1.5 ஜிபி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இல்லை. நான் வாங்கிய இடத்தின் விதிப்படி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் திரும்பும். நமக்குக் காற்று ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. திருட்டு காப்பியைத் தடுப்பது ஒன்று. கேமுக்குள் நிஜப் பணம் கொடுத்துக் கார் வாங்கும் கடை இருப்பதால், கணக்கு நம் கையில் இருந்தால் திருத்திவிடுவோம் என்ற பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்று நினைக்கிறேன். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தபோதும் இதே கதை. தனியாக ஊர் கட்டி விளையாடுவதற்கும் சர்வர் வேண்டும் என்றார்கள், முதல் வாரமே சர்வர் படுத்துவிட்டது. நெட் இல்லாமல் இதை ஓட்டுவது லேசில் ஆகாது என்றார்கள். சுமார் ஒரு வருடத்தில் அவர்களே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேம் ஒரு கோளாறான அப்டேட்டால் 30 மணி நேரத்துக்கு மேல் மூடிக்கிடந்தது, தனியாக ஆடுகிறவர்களும் வாசலில்தான் நின்றார்கள். ஆனால் அதே கம்பெனி, முந்தைய கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வரை 2024 ஜனவரியில் நிறுத்தியபோது, நெட் இல்லாமலே ஆடிச் சேமிக்கும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தியது. மனசு இருந்தால் முடிகிறது.

மனசில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தி க்ரூ. 2014இல் வந்த கார் கேம், அமெரிக்கா முழுக்க ஓட்டலாம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். தனியாக ஆடுகிறவன், டிஸ்க் வாங்கியவன், எல்லோருக்கும் ஒரே நாளில் போய்விட்டது. அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (கேம்களைக் கொல்லாதீர்கள்) என்று ஒரு இயக்கத்தைக் கிளப்பினார். 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அதற்கு 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. தி க்ரூ 2க்கு அதே வருடம் ஆஃப்லைன் முறையும் வந்துவிட்டது.

என் தொழிலை வைத்தே யோசித்துப் பார்த்தேன். ஒரு அண்ணாச்சிக்குக் கல்யாண ஆல்பம் போட்டுக் கொடுக்கிறேன். "ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் என் கடைக்குப் போன் அடிச்சுக் கேக்கணும், நான் கடையை மூடிட்டுப் போனா ஆல்பமும் தொறக்காது" என்று சொன்னால், அவர் என் கடைக் கண்ணாடியை முழுசாக விட்டுவைப்பாரா? நான் போட்டோ திருத்தும் சாப்ட்வேர் வாடகைச் சரக்குதான். அதுகூட எப்போதாவது ஒரு முறை நெட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தன் வேலையைப் பார்க்க விட்டுவிடுகிறது. வாடகைச் சரக்குக்கு இருக்கிற பெருந்தன்மை விலைக்கு வாங்கியதற்கு இல்லை.

மதிப்பெண்: ஓட்டும் சுகத்துக்கு ஐந்து. வாங்கிய பொருளாகப் பார்த்தால் இரண்டு, அதுவும் அந்த வைப்பர் கோட்டுக்காக. நிற்காத நெட்டும், மோடத்துக்கும் சேர்த்து இன்வெர்ட்டரும் இருக்கிறவர்கள் 500 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் வாங்கலாம். வாங்கும் முன் பக்கத்தின் அடியில் 'இணைய இணைப்பு கட்டாயம்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

முழுப் பரீட்சை லீவுக்கு மருமகன் வருகிறான். "மாமா, அந்தச் சங்கிலி கேம் இருக்குல்லா?" என்று இப்போதே போனில் கேட்டுவிட்டான். புது கேபினெட்டில் சிடி டிரைவ் மாட்ட இடமே இல்லை. வெளியே சொருகும் டிரைவ் ஜங்ஷன் கடைகளில் கிடைக்கிறதா என்று அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.