கிட்டார் பழக காசு கொடுத்து வகுப்பா, இலவச வீடியோவா, செயலியா?

கிட்டார் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மூன்று வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். வகுப்புக்குக் காசு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

இலவச வீடியோவில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜஸ்டின் சாண்டர்கோ 2003-இல் தொடங்கிய ஜஸ்டின்கிட்டார் தளத்தில் பாடங்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. காசு வாங்கும் பல வகுப்புகளில் அந்த ஒழுங்கு கிடையாது. ஏ, டி, ஈ கார்டுகளை, அதாவது பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளைப் பிடிக்கவும், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை விரல் மாற்ற முடிகிறது என்று எண்ணிப் பழகவும் அதுவே தாராளம். ஒரு குறை உண்டு. நம் திரைப்பாட்டுகளில் ஏராளமானவை ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணும் சிக்ஸ்-எயிட்டில், அதாவது திஸ்ர நடையில் போகும். ஆங்கிலப் பாடங்கள் நாலு எண்ணும் ஃபோர்-ஃபோரிலேயே நெடுநாள் நிற்கும். அம்மா பாடும் பழைய பாட்டுக்கு வாசிக்க உட்கார்ந்தால் ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளை மேலும் கீழும் வருடி வாசிப்பது, தடுமாறும்.

நான் ஒன்றரை வருஷம் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். எஃப் கார்டு மட்டும் வரவே இல்லை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்தினால் இரண்டு கம்பி ஊமையாகிவிடும். விரலில் பலம் போதவில்லை என்று இன்னும் அழுத்தினேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். கடைசியில் ஒரு சாரிடம் போனேன். பத்து நிமிடம் என் கையையே பார்த்தார். விரலின் சதைப்பக்கத்தை விட்டு, கட்டைவிரல் பக்கமாகச் சற்றுத் திருப்பி, எலும்பு விளிம்பால் அழுத்தச் சொன்னார். முழங்கையை உடம்போடு சேர்க்கச் சொன்னார். பிறகு ஸ்கேலை எடுத்து, கிட்டார் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் 12-வதன் மேல் அளந்தார். தடித்த கம்பி 4 மி.மீ. உயரத்தில் நின்றது. இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். அக்கூஸ்டிக்குக்கு இரண்டரை மி.மீ. அளவு போதும். கடையில், கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைத் தேய்த்து ஆக்‌ஷனை இறக்கிய அதே வாரம் எஃப் சுத்தமாக ஒலித்தது. அன்றைக்கு என் கண் கலங்கியது. சாருக்குக் கொடுக்கும் காசு பாடத்துக்கு அல்ல, அந்தக் கண்ணுக்கும் காதுக்கும்.

யூசிஷியன் போன்ற செயலிகள் இரண்டுக்கும் நடுவே. மைக் வழியாகக் கேட்டு, சரியான சுரமா, சரியான நேரத்தில் விழுந்ததா என்று சொல்லும். தினமும் கிட்டாரைத் தொடவைக்க நல்ல வழி. மணிக்கட்டு எப்படி மடிந்திருக்கிறது என்று மைக்குக்குத் தெரியாது.

வகுப்பிலும் ரகம் உண்டு. எட்டுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் ஒரு பிள்ளைக்கு ஏழரை நிமிடம்தான். அந்தக் காசுக்கு மாதம் இரண்டே தனி வகுப்பு கிடைத்தாலும் அதையே எடுங்கள். ஆன்லைன் தனி வகுப்பும் கை திருத்த உதவும்; ஒலி தாமதமாக வருவதால் சாரோடு சேர்ந்து வாசிக்க மட்டும் முடியாது.

பெற்றோர் பலர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத்தேர்வான டிரினிட்டி கிரேடுக்காகவே சேர்க்கிறார்கள். இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை போகும் அந்தப் பாடத்திட்டம் நல்லது, நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, படிக்கவரும். ஆனால் தேர்வுக்கான மூன்று உருப்படிகளையே வருஷம் முழுக்க உருப்போடவைக்கும் இடமென்றால் யோசியுங்கள். சான்றிதழ் வந்தும் ஒரு பாட்டைக் கேட்டு கார்டு கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

'திறமை இருந்தால் தானாக வரும்' என்பார்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் வருஷக்கணக்காக மேடையேறிய இளையராஜாவே, சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார்.

என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் தனி வகுப்பு. உட்காரும் விதம், விரல், கம்பியை மீட்டும் பிக்கின் பிடிப்பு, தாளம் தட்டும் மெட்ரோனோமோடு வாசிப்பது எல்லாம் அதற்குள் படிந்துவிடும். அடுத்த ஒரு வருஷம் வீடியோ போதும். எங்கே முட்டுகிறதோ அங்கே திரும்பவும் சாரிடம் போகலாம். நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தடுமாறும் இடங்களை நோட்டில் குறித்துக்கொண்டு போகிறேன். சேரும் முதல் நாளே உங்கள் கிட்டாரையும் எடுத்துப்போய் ஆக்‌ஷனைப் பார்க்கச் சொல்லுங்கள்.