20 வருடமாகக் கேட்கிறேன்: ‘கார் டாக்’

2005 குளிர்காலத்தில் மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம் குடிவந்தபோது நாங்கள் வாங்கிய முதல் கார் ஒன்பது வருடம் ஓடிய ஒரு செடான். சிடி பிளேயர் வேலை செய்யாது, ரேடியோ மட்டும் பாடும். ஒரு சனிக்கிழமை காலை கடைக்குப் போகும்போது ரேடியோவைத் திருப்பினால் இரண்டு ஆண்கள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு பெண் ஃபோனில், தன் கார் போடும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுகிறார். இன்னொரு தடவை போடுங்கள் என்கிறார்கள், அவரும் வெட்கப்படாமல் போடுகிறார், மறுபடி சிரிப்பு. அப்புறம் திடீரென்று அவர்களில் ஒருவர், வண்டி சூடான பிறகும் அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்டார். குரலே மாறியிருந்தது. கடைக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த அழைப்பு முடியும்வரை பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கார்ப் பிரச்சினையோடு ஃபோன் பண்ணுகிறவர்களுக்கு யோசனை சொல்லும் ‘கார் டாக்’ என்ற அந்த நிகழ்ச்சியை அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ரேடியோவில், பிறகு பாட்காஸ்ட்டில். இத்தனை வருடம் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றி எழுதுகிற மாதிரியே இதைப் பற்றியும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இது எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ‘கார் டாக்’ நடத்தியவர்கள் டாம் மாலியோட்ஸி, ரே மாலியோட்ஸி என்ற அண்ணன் தம்பி. 12 வயது வித்தியாசம். இருவரும் எம்ஐடியில், அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர்கள். 1973-ல் பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு கராஜ் தொடங்கினார்கள். இடத்தையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுப்பார்கள், வண்டிக்காரர் தானே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அது சரிப்பட்டு வராமல் பிறகு வழக்கமான கராஜாக மாறியது. 1977-ல் பாஸ்டனின் டபிள்யூபியுஆர் வானொலி சில மெக்கானிக்குகளைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்லலாம் என்று அழைத்தபோது வந்து சேர்ந்தது டாம் ஒருவர்தான். அடுத்த முறை தம்பியையும் கூட்டிப்போனார். 1987-ல் என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலி வழியாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது, 1992-ல் ஒலிபரப்புத் துறைக்கான பீபடி விருது கிடைத்தது. நிகழ்ச்சியில் தங்களை ‘க்ளிக், க்ளாக், டேப்பட் சகோதரர்கள்’ என்று சொல்லிக்கொள்வார்கள். டேப்பட் என்பது எஞ்சினில் வால்வைத் தள்ளும் சின்னப் பாகம், பழைய எஞ்சினில் அது அடிக்கிற சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போகும்.

சிரிப்புக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். என்னைப் பிடித்து வைத்தது அவர்கள் கேள்வி கேட்கும் விதம். கூப்பிடுகிறவர் பிரச்சினையைச் சொன்னவுடன் பதில் வராது. எப்போது வருகிறது, காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதா, அரை மணி ஓடிய பிறகா, எந்த வேகத்தில், இடப்பக்கம் திருப்பினாலா வலப்பக்கமா, பிரேக் மிதித்தால் நிற்கிறதா, மழைநாளில் அதிகமா. கூடவே, இந்த வண்டியை வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்ற கேள்வியும் வரும், அங்கேதான் குடும்பக் கதை வெளியே வரும். கணவர் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறார், மாமனார் கொடுத்த வண்டியை விற்க மனைவிக்கு மனசில்லை, இப்படி. கார்க் கேள்வியாக ஆரம்பித்த அழைப்பு பாதியில் கல்யாண வாழ்க்கை பற்றியதாக மாறி, அதற்கும் அவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லி, கடைசியில் ஆல்டர்னேட்டரில் வந்து முடியும்.

சத்தத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் காரின் சத்தத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் வாயால் போட்டுக் காட்டுகிறார்கள். நமக்கோ இரட்டைக்கிளவி இருக்கிறது. நானும் என் மனைவியும் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சத்தத்துக்கும் தமிழில் பெயர் வைக்க ஆரம்பித்தோம். அடியில் தளர்ந்த தகடு இருந்தால் கடகட. வீல் பேரிங் போயிருந்தால் வேகம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும் ஒரு இரைச்சல். பிரேக் பேடு தேய ஆரம்பித்தால் கிறீச், அதையும் கவனிக்காமல் விட்டு இரும்போடு இரும்பு உரசினால் கரகர. மெதுவாக வண்டியை முழுசாகத் திருப்பும்போது டக்டக்டக் என்று வந்தால் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. இது எங்களுக்கு விளையாட்டாக ஆரம்பித்தது, ஆனால் நிஜத்தில் கை கொடுத்தது.

2009-ல் மனைவியின் காரில் ஒரு சத்தம். கராஜுக்குக் கொண்டுபோனார், ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும் அதே பதில், இந்த முறை கொஞ்சம் சலிப்போடு. வீட்டுக்கு வந்து, “ஏங்க, அந்த அண்ணன் தம்பி கேக்குற கேள்வி எல்லாத்துக்கும் பதிலை எழுதி எடுத்துக்கிட்டுப் போகப் போறேன்” என்றார். ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்தார். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், மெதுவாகப் போகையில், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால், டக்டக்டக். வேறொரு கராஜில் அந்தத் தாளைக் கொடுத்தார். மெக்கானிக் படித்துவிட்டு நேராக வலப்பக்க முன்சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, உள்ளே மண் போயிருந்தது. கராஜில் தங்கள் பேச்சை யாரும் நம்பவில்லை என்று அந்த நிகழ்ச்சிக்கு ஃபோன் பண்ணிய பெண்களை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதை டாமும் ரேயும் நம்பினார்கள், சத்தம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என் மனைவி அந்தத் தாளோடு நின்ற அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இன்னொன்று என் பழைய செடான். நியூ இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள், வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மார்ச் மாதம் அடியிலிருந்து பயங்கரமாகக் கடகடத்தது. ஒரு கராஜில் எக்ஸாஸ்ட் மொத்தமும் மாற்ற வேண்டும், 900 டாலர் என்றார்கள். எனக்கு அந்தச் சத்தம் ரேடியோவில் பல தடவை கேட்ட சத்தமாகத் தோன்றியது. எக்ஸாஸ்ட் குழாயின் சூடு மேலே போகாமல் தடுக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும், ஹீட் ஷீல்ட் என்பார்கள், அதைப் பிடித்திருக்கும் இடம் துருவில் உதிர்ந்தால் தகடு ஆட ஆரம்பிக்கும். வேறு மெக்கானிக்கிடம், ஹீட் ஷீல்டைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றிக் கட்டினார், பத்து நிமிட வேலை, 20 டாலர் வாங்கிக்கொண்டார். அந்த வருட இன்ஸ்பெக்‌ஷனிலும் வண்டி பாஸாகிவிட்டது.

நான் அதிகம் மதிப்பது இன்னொரு பகுதியை. தாங்கள் முன்பு யோசனை சொன்ன ஒருவரைத் திரும்ப லைனில் கொண்டுவந்து, நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று கேட்பார்கள். பதில் என்னவென்று அவர்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. பல தடவை தப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்னபடி செய்து செலவாகி, கடைசியில் வேறொரு மெக்கானிக் வேறெதையோ கண்டுபிடித்தார் என்று அவர் சொல்லச் சொல்ல இவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வேலை பார்க்கும் துறையில், போன வருடம் கொடுத்த யோசனை என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் ஊரறியச் சொல்வதில்லை. இவர்கள் லட்சக்கணக்கான பேர் கேட்கும் நேரத்தில் அதைச் செய்தார்கள். அதனால்தான் அவர்கள் தெரியும் என்று சொன்னபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

வார்த்தை விளையாட்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிகழ்ச்சி முடியும்போது ஊழியர் பட்டியல் வாசிப்பார்கள், பாதிக்கு மேல் இல்லாத ஆட்கள். அவர்களுடைய வக்கீல் நிறுவனத்தின் பெயர் ‘டூயி, சீட்டம் அண்ட் ஹவ்’. வேகமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘டூ வீ சீட் தெம்? அண்ட் ஹவ்!’ என்று கேட்கும், நாம் அவர்களை ஏமாற்றுகிறோமா, ஆமாம், நன்றாகவே என்று அர்த்தம் வரும். ஹார்வர்ட் ஸ்கொயரில் அவர்கள் அலுவலகத்து ஜன்னலில் இந்தப் பெயரை எழுதியே வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். ஆங்கிலம் இரண்டாவது மொழியாக உள்ளவர்களுக்கு இதெல்லாம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். நிகழ்ச்சியை மூன்று பாதிகளாகப் பிரிப்பார்கள், மூன்றாவது பாதி என்று அறிவித்தே தொடங்குவார்கள். வாரத்துக்கு ஒரு புதிர் உண்டு, விடை அடுத்த வாரம்தான். அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதுதான் பேச்சு.

எனக்கு மிகப் பிடித்த அழைப்பு 1997-ல் வந்தது, நான் பின்னால் ஒரு மறு ஒலிபரப்பில்தான் கேட்டேன். ஒருவர் தன் வண்டியைப் பற்றிச் சொல்கிறார்: ஸ்டார்ட் ஆனதும் இரண்டு நிமிடம் பயங்கர அதிர்வு, பிறகு சீராகிவிடுகிறது, எட்டரை நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது. இவர்கள் வழக்கம்போல் கேள்வி கேட்கிறார்கள். பேசுகிறவர் ஜான் க்ரன்ஸ்ஃபெல்ட் என்ற விண்வெளி வீரர், வண்டி அட்லாண்டிஸ் விண்கலம், அவர் பேசியது விண்வெளியிலிருந்து. திட எரிபொருள் ராக்கெட்டுகள் இரண்டு நிமிடத்தில் கழன்று விழும், எட்டரை நிமிடத்தில் முக்கிய எஞ்சின்கள் அணையும். அவர் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றும் உண்மை.

குறைகளும் இருக்கின்றன. மனைவி, மாமியார் பற்றிய நகைச்சுவை திரும்பத் திரும்ப வரும், சில பெண்களிடம் காரைவிடக் காதலனைப் பற்றியே அதிகம் கேட்பார்கள், அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்று கேட்டால் இன்னும் உறுத்துகிறது. டாமின் சிரிப்பு ரேடியோவையே அதிர வைக்கும், தலைவலி நாளில் கேட்க முடியாது. கார்த் தகவல் பெரும்பாலும் பழசாகிவிட்டது. கார்புரேட்டரில் சோக் போடுவது பற்றி அரை மணி கேட்டு இன்றைக்கு என்ன செய்வது, எலெக்ட்ரிக் கார் வாங்கியவருக்கு டைமிங் பெல்ட் எதற்கு. வண்டி பழுதாகி நிற்கும்போது விடை தேட இது உதவாது. ஓட்டும்போது கேட்டுக்கொண்டே வர வேண்டியது.

2012-ல் புதிய நிகழ்ச்சிகள் நின்றன. பழைய அழைப்புகளைக் கோத்து மறு ஒலிபரப்பு தொடர்ந்தது. 2014 நவம்பரில் டாம் இறந்தார், 77 வயது, அல்சைமர் நோயின் விளைவு. அந்தச் செய்தி வந்தபோது மாஸ் பைக் ஹைவேயில் இருந்தேன், அடுத்த சர்வீஸ் பிளாசாவில் வண்டியை நிறுத்திவிட்டேன். அவர் முன்பு பார்த்த வேலையை விட்ட கதையை 1999-ல் எம்ஐடி பட்டமளிப்பு விழாவில் சொல்லியிருக்கிறார். சின்ன காரில் வேலைக்குப் போகையில் ஒரு பெரிய லாரி கிட்டத்தட்ட நசுக்கப் பார்த்தது, நான் இப்போது செத்திருந்தால் இந்த வேலைக்கு இத்தனை நாள் போனதற்கு எவ்வளவு வருந்தியிருப்பேன் என்று யோசித்துவிட்டு, அன்றே போய் ராஜினாமா செய்துவிட்டார். பிளாசாவில் நின்றபோது அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் என் தம்பி மாதிரி ஓட்டாதீர்கள் என்பார் டாம், என் அண்ணன் மாதிரி ஓட்டாதீர்கள் என்பார் ரே. அடுத்த சனிக்கிழமை மறு ஒலிபரப்பில் அந்த இரண்டு குரலும் வந்தபோது என் மனைவி ரேடியோவை அணைக்கவில்லை, பேசவும் இல்லை.

இன்று புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பாட்காஸ்ட்டில் ஏதாவது ஒன்றை எடுத்து ஆரம்பிக்கலாம், வரிசை தேவையில்லை. முதல் இரண்டு மூன்றில் சிரிப்பு அதிகமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில், கூட ஒருவர் இருக்கும்போது கேட்டால் நல்லது, ஏனென்றால் அவர்கள் விடை சொல்வதற்குமுன் நீங்களும் ஒன்று சொல்லிப் பார்ப்பீர்கள்.

என் மகள் 16 வயதில் பர்மிட் வாங்கி ஓட்டிப் பழகிய மாதங்களில் நான் பக்கத்து சீட்டில், பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதை வயசானவர்கள் நிகழ்ச்சி என்றாள், பிறகு அவளே அடுத்ததைப் போடச் சொன்னாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள், பழைய கார் ஒன்று வைத்திருக்கிறாள். போன மாதம் ஒரு காலை ஃபோன் பண்ணினாள். கார் ஏதோ சத்தம் போடுகிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: “குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான்ப்பா, ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது, வண்டி நின்னுட்டு இருந்தாலும் வருது.”

கடகடன்னு வருதா என்று கேட்டேன்.

“இல்லப்பா,” என்றாள், ஒரு நொடி காது கொடுத்துவிட்டு. “டிக்டிக்டிக்.”

ஆயில் அளவைப் பார்க்கச் சொன்னேன்.