யார் சொன்னது? தடைக்காலத்தில் கேட்ட சினிமா பாட்காஸ்டுகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் வலையும் நூலும் மிதவையும் விற்கிற சிறிய கடை என்னுடையது. தடைக்காலத்தின் முதல் இரண்டு வாரம் நிற்க நேரம் இருக்காது. வலை மாற்றுகிறவர்களும் நூல் வாங்குகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். அதன்பின் கடை வெறிச்சோடிவிடும். கடையை ஒட்டிய கிடுகுக் கொட்டகையில் சித்தப்பா வலையைப் பரப்பிப் போட்டுக் கிழிசல் பார்ப்பார். நானும் ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவேன். கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. இந்த ஆண்டு அந்தக் காதுக்காகச் சினிமா உலகைப் பற்றிய பாட்காஸ்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எழுபதைத் தாண்டிய அவர் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர். எங்களுக்கு மதுரையைவிடத் தலைமன்னார்தான் பக்கம். அந்த வானொலியின் அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் பற்றிப் பேசத் தொடங்கினால் ஊசி அப்படியே நின்றுவிடும். சினிமா என்பது அவருக்குப் பாதி கண்ணால் பார்த்தது, பாதி காதால் கேட்டது. ஆங்கிலம் தெரியாது. ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: காலையில் நான் கேட்பேன், மாலையில் அவருக்குத் தமிழில் சொல்வேன். இந்த ஒப்பீட்டுக்கு உண்மையான பரிசோதனை அந்த மாலை நேரம்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். நான் குறிப்பிடப்போகும் எதற்கும் காசு கட்டியதில்லை, விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் போதும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனில் இலங்கைச் சிக்னல் வந்து நின்றுவிடுகிற ஊர் இது என்பதால், வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. யூடியூப் காணொலி என்றால், சந்தா கட்டாதவர்களுக்குத் திரை அணைந்ததும் ஒலியும் நின்றுவிடும். வலை வேலைக்கு அது தொந்தரவு.

நட்சத்திரங்கள் கூடிப் பேசும் அரட்டை வகையில் 'ஸ்மார்ட்லெஸ்' பெயர்பெற்றது. 2020இல் ஜேசன் பேட்மேன், ஷான் ஹேய்ஸ், வில் ஆர்னெட் என்ற மூன்று நடிகர்கள் தொடங்கியது. ஒருவர் விருந்தாளியை அழைத்துவருவார், வருவது யார் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. மாலையில் சித்தப்பாவிடம் சொல்ல உட்கார்ந்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. திரைக்கதை எழுத விரும்புகிறவர்களுக்கு 'ஸ்கிரிப்ட்நோட்ஸ்' இருக்கிறது. ஜான் ஆகஸ்ட், கிரெய்க் மேசின் இருவரும் 2011 முதல் நடத்துகிறார்கள். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸும் அவர் மனைவி ஜேம்ஸும் நடத்தும் 'டீம் டீக்கின்ஸ்' கேமராக்காரர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். இரண்டும் தொழில் கற்கிறவர்களுக்கு உரியவை, நான் அந்தத் தொழிலில் இல்லை. ஹாலிவுட்டின் பண விவகாரங்களைப் பேசும் மேத்யூ பெலோனியின் 'தி டவுன்' பாட்காஸ்டில் பத்துப் பகுதிகளுக்கு மேல் நான் கேட்டதில்லை. சுறுசுறுப்பாக இருந்தது என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி போதாது.

இவற்றைக் கழித்தால் கடைசியில் மூன்று நின்றன: கரீனா லாங்வொர்த்தின் 'யூ மஸ்ட் ரிமெம்பர் திஸ்', டர்னர் கிளாசிக் மூவீஸ் நிறுவனத்தின் 'தி பிளாட் திக்கன்ஸ்', நம் தமிழில் சித்ரா லட்சுமணனின் 'சாய் வித் சித்ரா'. மூன்றாவது பிறப்பால் காணொலி நேர்காணல்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நிறைவாக இருப்பதால் இங்கே சேர்க்கிறேன்.

இந்த மூன்றையும் பிரித்தது ஒரே ஒரு கேள்வி. கதை சுவையாகப் போய்க்கொண்டிருக்கும்போது சித்தப்பா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "யார் சொன்னது? சொன்னவன் கண்ணால் பார்த்தானா?"

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடைக் காலத்தில் அவர் போன படகு விடிந்தும் கரை திரும்பவில்லை. உச்சிவேளைக்குள் கரையில் மூன்று சேதிகள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றது ஒன்று, படகு கவிழ்ந்தது என்றது இன்னொன்று. மூன்றாவது, கவிழ்ந்த படகில் இரண்டு பேர் இல்லை என்று எண்ணிக்கையோடு வந்தது. சித்தி மணலில் சரிந்துவிட்டார். உண்மையில் இயந்திரம் நின்றுபோய், காற்றில் தள்ளுண்டு, படகு ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தது. மாலையில் சித்தப்பா பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தார். அந்த மூன்று சேதிகளையும் முதலில் சொன்னது யார் என்று அவர் பிறகு ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தார். எல்லோரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. சித்தி அதன்பின் பல நாள் தூங்கவில்லை. அன்றிலிருந்து எந்தச் சேதி வந்தாலும் சித்தப்பாவிடம் முதலில் எழுவது இந்தக் கேள்விதான்.

சினிமாச் சேதி என்பது பெரும்பாலும் இப்படிக் கை மாறி வருவதுதான். அதனால்தான் லாங்வொர்த்தின் பாட்காஸ்ட் பக்கம் நான் வெளிப்படையாகச் சாய்கிறேன். 2014இல் தொடங்கியது. ஹாலிவுட்டின் முதல் நூற்றாண்டில் மறைக்கப்பட்ட, மறக்கப்பட்ட வரலாறுகளைச் சொல்வது அவர் வேலை. ஆராய்ச்சி, எழுத்து, குரல் எல்லாமே அவருடையவை. முன்பு திரைப்பட விமர்சகராக இருந்தவர். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று விதமான கதைகள் இருந்தால் மூன்றையும் வைப்பார். எந்தப் புத்தகத்தில் எப்படி இருக்கிறது, அன்றைய பத்திரிகை என்ன எழுதியது, வழக்கு நடந்திருந்தால் அதில் என்ன வெளிவந்தது என்று பிரித்துக் காட்டுவார். சித்தப்பாவின் கேள்விக்கு நான் விழிக்காமல் பதில் சொல்ல முடிந்தது இவருடைய கதைகளில்தான்.

2018இல் தொடங்கிய அவருடைய ஒரு தொடர் முழுக்க இந்தக் கேள்வியின் மேலேயே நிற்கிறது. கென்னத் ஆங்கர் எழுதிய 'ஹாலிவுட் பாபிலோன்' என்ற புத்தகம், மௌனப்பட காலம் தொட்டு நட்சத்திரங்களைப் பற்றிய அவதூறுகளை எல்லாம் அள்ளிப் போட்ட புத்தகம். அதிலுள்ள கதைகளை லாங்வொர்த் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கிறார். நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளின் கதையை நான் சித்தப்பாவிடம் இரண்டு மாலைகளாகச் சொன்னேன். 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் அவர் கொடுத்த விருந்தில் விர்ஜினியா ராப்பே என்ற நடிகை நோய்வாய்ப்பட்டுச் சில நாளில் இறந்தார். ஆர்பக்கிள் மீது வழக்கு வந்தது. மூன்று முறை விசாரணை. முதல் இரண்டிலும் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 1922 ஏப்ரலில் மூன்றாவது ஜூரி குற்றமற்றவர் என்று சொன்னதோடு அவரிடம் மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் அவர் படங்களுக்குத் தடை விழுந்தது. பத்திரிகைகள் கட்டிய கதை தீர்ப்பைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. இதில் லாங்வொர்த் செய்கிற நல்ல காரியம், ஆர்பக்கிளுக்கு நியாயம் கேட்கும் வேகத்தில் இறந்துபோன பெண்ணை விட்டுவிடாமல் இருப்பது. விர்ஜினியாவின் பெயரும் அதே வதந்தியால்தான் கெட்டது.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது பாகவதர் கதை அல்லவா" என்றார். அவர் சொன்னது சரி. சினிமாக்காரர்களைப் பற்றி மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். என்.எஸ்.கே. மீண்டு எழுந்தார். பாகவதர் பழைய உச்சத்தை மறுபடி எட்டவே இல்லை. அந்த வழக்கைப் பற்றி எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்றும் பத்துக் கதைகள் உலவும். யாராவது ஒருவர் அந்தத் தீர்ப்புகளையும் அன்றைய நாளிதழ்களையும் எதிரே வைத்துக்கொண்டு, லாங்வொர்த் செய்வதைப்போல் பொறுமையாகத் தமிழில் பத்துப் பகுதிகள் செய்தால், நான் கடையை அடைத்துவிட்டுக் கேட்பேன்.

இரண்டாவதாக வருகிற 'தி பிளாட் திக்கன்ஸ்' சாதாரணமானதல்ல. 'சிட்டிசன் கேன்' திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான ஹெர்மன் மேன்கீவிச்சின் பேரன் பென் மேன்கீவிச் நடத்துகிறார். 2020இல் வந்த முதல் தொடர் இயக்குநர் பீட்டர் பக்டனோவிச்சின் வாழ்க்கை, பெரும்பகுதி அவர் வாயாலேயே. 1971இல் வந்த 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படப்பிடிப்பின்போது அவர் மனைவி பாலி பிளாட் அதே படத்தின் வடிவமைப்பாளர். அங்கேதான் பக்டனோவிச் நாயகி சிபில் ஷெப்பர்டிடம் மனத்தைக் கொடுத்தார். திருமணம் உடைந்தது.

அதே 2020இல் லாங்வொர்த் பாலி பிளாட்டைப் பற்றிப் பத்துப் பகுதிகள் வெளியிட்டார். ஒரே திருமணம், ஒரே படப்பிடிப்பு, இரண்டு பாட்காஸ்டுகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பக்டனோவிச் பேசும்போது குரல் நடுங்குவது கேட்கிறது. வாழ்ந்தவரின் குரலுக்கு உள்ள கனம் எந்த ஆராய்ச்சிக்கும் வராது. ஆனால் பாலி 2011இலேயே காலமாகிவிட்டார், பதில் சொல்ல அவர் இல்லை. லாங்வொர்த்தின் கையில் இருந்தது பாலி எழுதி வெளியிடாமல் வைத்திருந்த நினைவுக்குறிப்பு. அதுவும் ஒருவர் சொன்ன கதைதானே என்று சித்தப்பா மடக்கினார். மடக்கியது நியாயம். ஆனால் லாங்வொர்த் அந்தக் குறிப்பை அப்படியே விழுங்குவதில்லை. குடும்பத்தினரிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் பேசி, அந்தக் குறிப்போடு வைத்துப் பார்க்கிறார். பிரிவுக்குப் பிறகும் பாலி அதே கணவருக்காக 'பேப்பர் மூன்' வரை உழைத்தார் என்பதையும், பின்னாளில் 'டெர்ம்ஸ் ஆஃப் என்டியர்மென்ட்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார் என்பதையும் கேட்டபோது, ஒரு படத்தின் பெயர்ப்பட்டியலை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

'தி பிளாட் திக்கன்ஸ்' தன் இரண்டாவது தொடரில் வேறு ஓர் உயரத்துக்குப் போகிறது. பிரையன் டி பால்மாவின் 'தி பான்ஃபயர் ஆஃப் தி வேனிட்டீஸ்' 1990இல் வந்து தோற்ற படம். அதன் படப்பிடிப்பில் உடனிருந்த பத்திரிகையாளர் ஜூலி சலமன் அப்போதே ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார். முப்பது ஆண்டு கழித்து அந்த நாடாக்கள் பேசுகின்றன. யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த ஒரு தொடருக்காக அதற்கு இரண்டாம் இடத்தைத் தயங்காமல் கொடுப்பேன்.

'சாய் வித் சித்ரா' என் மனத்துக்கு நெருக்கமானது. சித்ரா லட்சுமணன் 'மண் வாசனை' தயாரித்தவர், 'சூரசம்ஹாரம்' இயக்கியவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு பெயரை மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க அவரால் முடிகிறது. நடிகர்களோடு இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் எல்லோரையும் அவசரமில்லாமல் பகுதி பகுதியாகப் பேச வைக்கிறார். சித்தப்பா நேரடியாகக் கேட்டது இது ஒன்றைத்தான். நான் நடுவில் நிற்கத் தேவையில்லை என்பதே பெரிய நிம்மதி. பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனையும் கீழக்கரையின் ராஜ்கிரணையும் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் செந்திலையும் சொந்த ஊர்க்காரர்களாக எண்ணுகிற மாவட்டம் இது. அந்தத் தலைமுறையோடு வேலை செய்தவர்களின் குரல் நம் மொழியிலேயே பதிவாகிறது என்பது சாதாரண விஷயமல்ல. இந்தப் பேட்டிகள் இல்லாவிட்டால் பல நினைவுகள் அவர்களோடு போயிருக்கும். குறை என்றால் அது நேர்காணல் என்ற வடிவத்தின் குறைதான். நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு சண்டையை ஒருவர் சொல்கிறபோது மறுபக்கத்து ஆள் அங்கே இருப்பதில்லை. ஆகவே இவற்றை மூலச் சான்றாக வைத்துக்கொள்கிறேன், முடிந்த தீர்ப்பாக அல்ல.

'யூ மஸ்ட் ரிமெம்பர் திஸ்' தேர்ந்தெடுப்பவர்கள் சிலவற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் பெயர்கள் மழையாகப் பொழியும். எனக்குக் காது பழக மூன்று வாரம் ஆயிற்று. பழைய ஆட்களின் பேச்சை அவர் குரல் மாற்றி வாசிக்கும் இடங்கள் எல்லோருக்கும் பிடிக்காது. நம் சினிமா அதில் இல்லை. அவர் இத்தனை ஆண்டுகளில் செய்த எல்லாவற்றையும் நான் கேட்டுவிடவும் இல்லை, நான்கு தொடர்களை முழுதாகவும் மற்றவற்றை அங்கங்கேயும் கேட்டவனின் கருத்து இது. தொடங்குகிறவர்கள் ஆர்பக்கிள் பகுதியிலிருந்து தொடங்கலாம், தனியாகவே நிற்கும். பிடித்தால் பாலி பிளாட் தொடரை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், இடையில் நுழைந்தால் புரியாது.

ஜூன் 15 விடியலில் படகுகள் இறங்கின. கடையில் மறுபடி கூட்டம், எனக்குக் காலையில் கேட்க நேரமில்லை. நேற்று மாலை சித்தப்பா ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்து, "அந்தப் பாலி அம்மா கதையை எங்கே நிறுத்தினோம்?" என்று கேட்டார். ஆறாம் பகுதியில் நிறுத்தியிருந்தோம்.