கட்சியின் உறுப்பினர் செயலி: கோத்தகிரியிலிருந்து ஓராண்டு அனுபவம்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு அருகில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கட்சியின் அடிப்படை உறுப்பினராக இருக்கிறேன். ஒருமுறை கிளைப் பொறுப்பும் வகித்திருக்கிறேன். கடந்த ஆண்டு எங்கள் கட்சி உறுப்பினர் சேர்க்கையையும் புதுப்பித்தலையும் ரசீதுப் புத்தகத்திலிருந்து முழுவதுமாகச் செயலிக்கு மாற்றியபோது, இந்தப் பகுதியின் பதிவுகளில் பெரும்பகுதி என் மேசையில்தான் நடந்தது. அந்த ஓராண்டில் கண்டதை இங்கே எழுதுகிறேன். கட்சியின் பெயரைக் குறிப்பிடவில்லை. மற்றக் கட்சி நண்பர்களும் என்னிடம் வந்து அவரவர் செயலிகளில் பதிவு செய்துகொள்கிறார்கள் என்பதால், நான் சொல்லப்போகும் குறைகளில் பல ஒரு கட்சிக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அறிவேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் அட்டை இப்போது அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. முன்பெல்லாம் படிவம் ஒன்றியத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்டத்துக்குப் போய், தலைமையிலிருந்து அட்டை அச்சாகி வந்து சேர ஓராண்டு ஆனதும் உண்டு. அதற்குள் சிலர் வேறு கட்சிக்கே போயிருப்பார்கள். இப்போது புகைப்படமும் க்யூஆர் குறியீடும் கொண்ட அட்டையை நான் அச்சிட்டு, லேமினேட் செய்து, கையில் கொடுத்துவிடுகிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் அதை வாங்கித் துண்டால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைமையின் அறிக்கைகளும் பொதுக்கூட்ட நேரலைகளும் தடையின்றி வருகின்றன. சென்னைக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த தூரம், கேட்பதைப் பொறுத்தவரை, உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

சொல்வதைப் பொறுத்தவரை அது குறையவில்லை. இந்த மதிப்புரையில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

பதிவிலிருந்து தொடங்குகிறேன். செயலி கேட்கும் விவரங்கள் பெயர், பிறந்த தேதி, வாக்காளர் அட்டை எண், கைபேசி எண், கதவு எண், ஊர் ஆகியவை. ஊருக்கான பட்டியலில் வருவாய்க் கிராமங்களின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் படுகர்களின் சிற்றூர்களான பல ஹட்டிகளும், தோட்டக் குடியிருப்புகளும், பழங்குடியினர் வாழும் கோக்கால்களும் மந்துகளும் அடங்கியிருக்கும். எங்கள் மக்களிடம் ஊர் எது என்று கேட்டால் ஹட்டியின் பெயரைத்தான் சொல்வார்கள். கிளை அமைந்திருப்பதும் ஹட்டி அளவில்தான். செயலியின் கணக்கிலோ, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு கிளைகள் ஒரே ஊராகிவிட்டன.

கூடலூர் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு மின் இணைப்புப் பெறுவதே போராட்டமாக இருந்திருக்கிறது. அங்குள்ள என் உறவினர் ஒருவர் கதவு எண் இல்லாமல் பதிவை முடிக்க இயலவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, கட்டத்தில் ஏதாவது ஓர் எண்ணை இட்டு நிரப்புங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைப்பதாக ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி தரும் கட்சிகளில் எங்கள் கட்சியும் ஒன்று. அதே மக்களின் வீட்டை ஏற்க மறுக்கும் ஒரு படிவத்தை நாமே வடிவமைத்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

அடுத்தது ஓடிபி. சோலூர்மட்டம் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்க்கை முகாம் நடத்தினோம். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்திருந்தார். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அவர் கொடுத்த கைபேசி எண் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்யும் மகனுடையது. செயலி அனுப்பிய ஆறிலக்க எண் திருப்பூருக்குப் போயிற்று. மகனை அழைக்கலாம் என்றால் முகாம் நடந்த கட்டடத்துக்குள் டவர் இல்லை. வேறொருவரின் கைபேசியுடன் அவர் சாலை வளைவு வரை நடந்துபோய், எண்ணைக் கேட்டு, மனத்துக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வருவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை நானே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போனேன். மகன் எண்ணைச் சொல்லத் தொடங்கியபோது அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இந்த நம்பர யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுதானே பேங்க்குல சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். வங்கி மோசடிகளைப் பற்றி நாடே எச்சரித்துக்கொண்டிருக்கும் காலத்தில், கட்சிக்காரன் கேட்டால் மட்டும் எண்ணைச் சொல்லலாம் என்று பழக்குவது தவறு. அன்று அவருடைய பதிவை நான் முடிக்கவில்லை.

இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தி.மு.க. 2025 ஜூலையில் வீடு வீடாக நடத்திய 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் ஓடிபி பெறுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்துவிட்டது. அந்த வழக்கு ஒரு கட்சியைப் பற்றியதாக இருந்தாலும் பாடம் எல்லாக் கட்சிகளுக்கும் உரியது. பா.ஜ.க. 2014இல் தவறிய அழைப்பு ஒன்றின் மூலமே உறுப்பினராகலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. தமிழக வெற்றிக் கழகம் தொடங்கிய சில வாரங்களிலேயே, 2024 மார்ச்சில், சேர்க்கையை இணையவழியாகத்தான் தொடங்கியது. சேர்வது எளிதாக இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். கொடுத்த விவரம் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்பதற்கு அதே அளவு தெளிவான பதிலை நான் பார்த்த எந்தச் செயலியிலும் காணவில்லை.

எங்கள் செயலி நிறுவும்போதே தொடர்பு எண்களின் பட்டியலையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கேட்கிறது. தொடர்பு எண்களுக்கான அனுமதியை மறுத்தாலும் அட்டை வந்துவிடுகிறது. ஆகவே பதிவுக்கு வருபவர்களிடம் மறுத்துவிடும்படியே சொல்கிறேன். விலகுவதற்குச் செயலிக்குள் பொத்தான் இல்லை. மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம். கணக்கு தொடங்க வைக்கும் செயலிகள் அதை நீக்குவதற்கும் வழி தர வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. என்னிடம் அட்டை வாங்கிய ஓர் இளைஞர் அரசுப் பணி கிடைத்ததும் விலக வேண்டியிருந்தது; அவருடைய மின்னஞ்சலுக்கு இரண்டு மாதங்கள் பதில் வரவில்லை. அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருக்கக்கூடாது என்ற விதி இருக்கும் நாட்டில் இந்தத் தாமதம் ஒருவருடைய வேலைக்கே ஆபத்தாகலாம்.

செயலியைவிட நாள்தோறும் அதிகம் புழங்குவது அதோடு இணைந்த வாட்ஸ்அப் குழுக்கள்தாம். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மட்டுமே ஃபார்வர்ட் செய்யலாம் என்று 2018இல் இந்தியாவில் வரம்பு வந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020இல் சேர்ந்தது. அதற்கு ஏற்றாற்போல் கட்சிகள் தலைமை, மாவட்டம், ஒன்றியம், வாக்குச்சாவடிப் பாகம் என்று அட்மின்களைக் கிளை பரப்பி வைத்திருக்கின்றன. காலை ஆறரை மணிக்குத் தகவல் தொழில்நுட்ப அணியிலிருந்து புறப்படும் படம் ஏழு மணிக்குள் எங்கள் பாகக் குழுவுக்கு வந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 17 மாலை ஆறு மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. மேடைகளும் ஒலிபெருக்கிகளும் அடங்கின. எங்கள் குழுவில் மட்டும் வாக்குப்பதிவு நாளான 19ஆம் தேதி காலை வரை படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் அட்மினிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், "மேலிருந்து வருகிறது அண்ணா, நான் என்ன செய்ய?" என்றார்.

இந்தக் குழுக்களில் எங்கள் மக்கள் உண்மையில் நின்று கேட்டது எதை என்று சொல்ல வேண்டும். சென்னையில் தயாரான காணொளிகளைப் பலர் திறப்பதுகூட இல்லை. எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி படுக மொழியில் இரண்டு நிமிடக் குரல்பதிவுகளை அனுப்பத் தொடங்கினார். முதியோர் உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பது எப்படி என்பன போன்ற செய்திகள். தனக்கென வழக்கத்தில் எழுத்து இல்லாத மொழிக்கு எழுத்துச் செய்தியைவிடக் குரல் நெருக்கமானது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் பேரனிடம் கைபேசியைக் கொடுத்து மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்த செய்தி முதலில் வருவதும் இந்தக் குழுவில்தான். இரத்தம் தேவை என்ற செய்திக்குக் குன்னூரிலிருந்து நள்ளிரவில் ஆள் கிளம்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். கட்சி என்பது இதுவும்தான் என்று நான் நம்புகிறேன். அந்தக் குரல்பதிவுகளுக்குச் செயலியில் இடமில்லை. தலைமை பதிவேற்றுவது மட்டுமே அதில் தோன்றும்.

செயலியில் 'உங்கள் கருத்து' என்று ஒரு பகுதி உண்டு. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் சேர்க்கக் கோரி எங்கள் கிளை தீர்மானம் போட்டது. தேயிலை வாரியம் மாதந்தோறும் விலையை அறிவித்தாலும், உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கழித்தபின் சிறு விவசாயியின் கையில் என்ன நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தோம். அதைச் செயலியில் ஏற்ற முயன்றேன். கருத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: சாலை, குடிநீர், மின்சாரம், ரேஷன், மற்றவை. விவசாயம் என்ற வகையே இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இருநூற்றைம்பது எழுத்துகளுக்குமேல் ஏற்கவில்லை. கணக்கை விட்டுவிட்டுக் கோரிக்கையை மட்டும் அனுப்பினேன். 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது. ஏழு மாதங்கள் ஆகின்றன, நிலை மாறவில்லை.

எங்கள் கிளையில் ஒரு தீர்மான நோட்டு உண்டு. கோடு போட்ட நீள நோட்டு, அட்டை கிழிந்து, தையல் போட்டு வைத்திருக்கிறோம். தீர்மானத்தை அதில் எழுதி, வந்திருந்தோர் கையெழுத்திட்டு, நகலை ஒன்றியச் செயலாளரிடம் கொடுப்போம். அவர் மாவட்டக் கூட்டத்தில் பேசுவார். கோரிக்கை ஏற்கப்படாத சமயங்களே அதிகம். ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் வந்து நின்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அவரிடம் கோபப்படவும் முடிந்தது. செயலி வந்தபின் ஒன்றியச் செயலாளர், "செயலியில் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மக்கள் கருத்தைக் கேட்கும் வேலையிலிருந்து அவரை விடுவித்ததுதான் இந்தச் செயலி எங்களுக்குச் செய்த மிகப் பெரிய தீமை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். இரண்டும் அட்டைக்காக. ஹட்டிகளின் பெயர்களைச் சேர்ப்பது, கதவு எண்ணைக் கட்டாயமாக்காமல் விடுவது, டவர் இல்லாத இடத்தில் விவரத்தைச் சேமித்துப் பின்னர் அனுப்பும் வசதி, விலகுவதற்கு ஒரு பொத்தான் ஆகியவற்றைச் செய்ய ஒரு மாத வேலை போதும் என்பது கணினியோடு புழங்குபவன் என்ற முறையில் என் மதிப்பீடு. கருத்துப் பகுதிக்கு மட்டும் நிரலாளர் போதாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் அதைப் படித்துப் பெயரோடு பதில் எழுத ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவர் படுகமும் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

வரும் ஞாயிறு சோலூர்மட்டத்தில் மறுபடியும் முகாம். இம்முறை மடிக்கணினியோடு தீர்மான நோட்டையும் எடுத்துப் போகிறேன். சேர வருபவர்கள் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, மாவட்டச் செயலாளரிடம் நேரில் கொடுப்பதென்று கிளையில் முடிவு செய்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருடைய பெயரை முதலில் நோட்டில்தான் எழுதப் போகிறேன்.