பேட் ப்ரெய்ன்ஸ் மஞ்சள் எல்பி வாங்கலாமா? ஒரு உருமிக்காரனோட ரிவ்யூ

மொதல்ல பதில சொல்லிடறேன், வாங்கலாம். நான் 145 வெள்ளி குடுத்தேன். மொத்தமே 34 நிமிஷ பாட்டுக்கு இவ்ளோ காசான்னு வீட்ல கேட்டாங்க, கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா நான் வாங்குன எந்த ரெக்கார்டும் இந்தளவுக்கு திரும்ப திரும்ப ஓடினதில்ல. பேட் ப்ரெய்ன்ஸ் ஒரு அமெரிக்க ஹார்ட்கோர் பேண்டு, ஹார்ட்கோர்னா பங்க் ராக்லயே ரொம்ப வேகமான வகை. இது அவங்க முதல் ஆல்பம், 1982ல வந்தது. அப்ப இது எல்பியாவே வரல, நியூயார்க்ல ரோயர்னு ஒரு கேசட் கம்பெனி கேசட்டா மட்டும்தான் விட்டுச்சு, கவர் கலர வச்சு இன்னிக்கும் ஜனங்க மஞ்சள் டேப்புன்னுதான் சொல்வாங்க. வாஷிங்டன்ல அவங்க பார்லிமெண்ட் கட்டட குவிமாடத்து மேல இடி விழுற படம், பச்சை மஞ்சள் சிவப்புன்னு ஜமைக்கா ரஸ்தா மதக்காரங்களோட கலர்ல. இப்ப பேண்டே பழைய ஆல்பம் உரிமையெல்லாம் திரும்ப வாங்கி சொந்த லேபல்ல ரீமாஸ்டர் பண்ணி விட்டுருக்காங்க, நான் வாங்குனது அந்த பதிப்பு.

வாங்குன கதை கொஞ்சம் இருக்கு. முதல்ல ஆன்லைன்ல ஒரு செல்லர்ட்ட ஆர்டர் போட்டேன், வந்தப்ப கவர் மூல ரெண்டும் மடங்கி, தட்ட பிளேயர்ல வச்சா ஊசி கடல் அலைல படகு மாதிரி ஏறி எறங்குது. வெயில்ல எங்கயோ கெடந்துருக்கு. திருப்பி அனுப்பி காசு வர மூணு வாரம் ஆச்சு. அப்பறம்தான் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் பழைய கடைவீட்டு மாடில இருக்கற ஒரு ரெக்கார்ட் கடைக்கு போனேன், ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயில்லேருந்து நடந்தே போயிடலாம். கடைக்கார அபாங் கவர்லேருந்து தட்ட எடுத்து லைட்டுல சாச்சு காட்டி, கொஞ்சம் போட்டும் காட்டிட்டுதான் காசு வாங்குனாரு. பத்து இருவது வெள்ளி கூட ஆனாலும் எல்பிய கையில எடுத்து பாத்து வாங்கறதுதான் நம்ம ஊரு வெயிலுக்கு சரி.

அந்த கோயில்லேருந்துதான் தைப்பூசத்துக்கு ரதம் பத்துமலைக்கு கெளம்பும்னு கேஎல்காரங்களுக்கு சொல்ல தேவையில்ல. நான் செந்தூல். பதினஞ்சு வயசுலேருந்து உருமி மேளம் அடிக்கறேன், இப்ப நாப்பது தாண்டிருச்சு, தம்பிங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன். அதனால இந்த ஆல்பத்த நான் பங்க் ரசிகனா கேக்கறதுக்கு முன்னாடி மேளக்காரனா கேட்டேன்னுதான் சொல்லணும்.

ஏன் சொல்றேன்னா, மேளத்துல வேகமா அடிக்கறது யார் வேணா பண்ணலாம், காவடி எடுத்தவருக்கு ஏத்தம் வரும்போது கையெல்லாம் தானா ஓடும், ஆனா பத்து பேர் ஒரே வேகத்துல ஓடி ஒரே எடத்துல நிக்கணும், அதுதான் கஷ்டம், அதுலதான் நல்ல செட்டும் சுமாரான செட்டும் பிரியும். இந்த ஆல்பத்துல பே டு கம்னு ஒரு பாட்டு, ஒன்றரை நிமிஷம் கூட கெடையாது. மொத தடவை கேட்டா எல்லாம் ஒரே மொத்தமா மேல வந்து விழுந்த மாதிரி இருக்கும். நாலாவது தடவை ட்ரம்ஸ மட்டும் புடிச்சுக்கிட்டு கேளுங்க. ஏர்ல் ஹட்சன் கை எங்கயும் சிதறல, ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுது. டாரில் ஜெனிஃபர் பேஸ் அதோட ஒட்டிக்கிட்டே ஓடுது, டாக்டர் நோ கித்தார் நடுவுல சட்டுனு நின்னு சட்டுனு எடுக்குது, அந்த நிப்புல நாலு பேரும் சேந்து நிக்கறாங்க. எங்க செட்டுல மூத்தவரு ஒருத்தர் "நிக்க தெரிஞ்சவன்தான்டா ஓடலாம்"னு திட்டுவாரு, அவர் சொன்னத வேற ஊர்ல யாரோ செஞ்சு காட்டின மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதுக்கு காரணம் அவங்க எங்கேருந்து வந்தாங்கங்கறதுல இருக்கு. 1976 வாக்குல வாஷிங்டன்ல மைண்ட் பவர்னு பேரு வச்சு ஜாஸ் ஃபியூஷன் வாசிச்சுக்கிட்டு இருந்த பசங்க, கஷ்டமான கணக்கெல்லாம் கையில ஏறுன அப்பறம்தான் பங்க் பக்கம் வந்தாங்க, ரமோன்ஸ் பாட்டு ஒன்னோட தலைப்ப எடுத்து பேரையும் மாத்திக்கிட்டாங்க. மத்த பங்க் பேண்டெல்லாம் கித்தார்ல மூணே மூணு கார்ட் புடிக்க கத்துக்கிட்டு மேடை ஏறினாங்க, இவங்க தலைகீழா வந்தாங்க. பாட்டுக்கு எச்.ஆர்., ஏர்லோட அண்ணன். அவர் குரல் ஒரு வரில கத்தும், அடுத்த வரில பாடும், அதே மூச்சுல கீச்சுனு மேல போகும். வார்த்த பாதி புரியாது, கவர்ல இருக்கற எழுத்த பாத்தாலும் புரியாது, பரவால்ல.

பிஎம்ஏன்னு ஒரு விஷயம் இவங்க ரசிகங்ககிட்ட அடிக்கடி வரும், பாசிட்டிவ் மெண்டல் ஆட்டிட்யூட்தான் அது. எச்.ஆர். நெப்போலியன் ஹில் எழுதுன திங்க் அண்ட் க்ரோ ரிச் புத்தகத்துலேருந்து புடிச்சது. எங்க மாமா ஒருத்தர் டைரக்ட் செல்லிங் பண்ணிட்டு இருந்தப்ப அவர் கார் டேஷ்போர்டுல எப்பவும் அந்த புத்தகம் கெடக்கும். அதே புத்தகத்த படிச்சுட்டு ஒரு கருப்பின பையன் ஹார்ட்கோர் பாட்டு எழுதிருக்கான்னு தெரிஞ்சப்ப எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு நம்ப. ஆல்பத்துல ஆட்டிட்யூட்ங்கற பாட்டே அதுதான்.

இன்னொன்னு ரெகே, ஜமைக்காவோட மெதுவான பாட்டு வகை. பான்ட் இன் டிசி (வாஷிங்டன் டிசில தடைன்னு அர்த்தம்) ஓடி முடிஞ்ச உடனே ஜா காலிங்னு பாட்டே இல்லாத வெறும் வாத்தியம், மெதுவா, காத்தோட்டமா. ஆல்பத்துல இந்த மாதிரி மூணு எடத்துல ரெகே வருது, ஐ லவ் ஐ ஜா மட்டும் ஆறு நிமிஷத்துக்கு மேல. ஹார்ட்கோர் மட்டும் கேக்கறவங்க நெறைய பேர் இத தாண்டி விட்டுருவாங்கன்னு எனக்கு தெரியும், எங்க கூட்டாளியே அப்படித்தான் பண்ணுவான். தாண்டாதீங்க. பத்துமலைக்கு நடந்து போறப்ப செட்டு நடுவுல வேகத்த எறக்கி அடிக்கும்ல, காவடிக்காரர் மூச்சு வாங்க, தண்ணி குடிக்க, அந்த நேரத்துலதான் நமக்கே தெரியும் எவ்ளோ தூரம் வந்துட்டோம்னு. எல்பில இது இன்னும் நல்லா வேலை செய்யுது, ஃபோன்ல மாதிரி விரல் தானா அடுத்த பாட்டுக்கு போகாது, எந்திரிச்சு போயி ஊசிய தூக்கணும், அதுக்கு சோம்பேறித்தனம் பட்டு உக்காந்துருவோம், உக்காந்தா கேட்டுருவோம்.

2001ல நம்ம ஊர்ல ப்ளாக் மெட்டல்ங்கற முரட்டு ராக் பாட்டு பசங்கள கெடுக்குதுன்னு பிரச்சன ஓடுச்சு ஞாபகம் இருக்கா, ஸ்கூல்ல கருப்பு டீசர்ட்ட தேடி தேடி செக் பண்ணாங்க. அந்த வருஷம் எங்கம்மா என் டீசர்ட் எல்லாத்தையும் கட்டி அத்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப நான் கேஎல்ல கிக்கு கிக்கா, அதான் சின்ன சின்ன பேண்ட் கச்சேரிக்கா, போயிட்டு இருந்த நேரம், நல்ல பசங்க, மலாய்க்கார கூட்டாளிங்க, மாமாக்ல உக்காந்தா விடிய விடிய பேச்சு, ஆனா உள்ள நொழைஞ்சா நூறு பேர்ல இந்தியன் நான் ஒருத்தன்தான், சில நாள் ரெண்டு பேரு. யாரும் ஒன்னும் சொன்னதில்ல. ஆனா வீட்ல இது நம்ம பாட்டான்னு கேப்பாங்க, செட்டுல இருக்கறவங்க அது என்னடா வெள்ளக்காரன் கத்தறதுன்னு கேப்பாங்க, பதில் இல்ல என்கிட்ட. அப்பறம் ஒரு நாள் ஒரு அண்ணன் இந்த பேண்ட் போட்டோவ காட்டுனாரு. நாலு பேரும் கருப்பினத்தவங்க, ஜடா முடி, சுத்தி ஆடறவன் எல்லாம் வெள்ளக்கார பசங்க. 1979ல இங்கிலாந்துக்கு போயி ஒர்க் பெர்மிட் இல்லன்னு ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. சொந்த ஊர் கிளப்ல மேடை குடுக்கல, அததான் பான்ட் இன் டிசின்னு பாட்டாக்குனாங்க, கடைசில நியூயார்க் போயி சிபிஜிபி கிளப்ல நின்னாங்க. அந்த வெள்ளக்கார பசங்க இவங்கள பாத்துதான் கத்துக்கிட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு. அந்த பசங்கள்ல பின்னாடி பெரிய பங்க் பாடகர்களான ஹென்றி ராலின்ஸ், இயன் மெக்கேய் ரெண்டு பேருமே அத வெளிப்படையா சொல்லிருக்காங்க. செட்டுல கேட்டவங்களுக்கு அன்னிலேருந்து நான் அந்த போட்டோவதான் காட்டறேன்.

மத்த ஆல்பம் பத்தி கேப்பீங்க. 1983ல ராக் ஃபார் லைட், கார்ஸ் பேண்ட் ரிக் ஒகாசெக் ப்ரொட்யூஸ் பண்ணது, இந்த ஆல்பத்துல இருக்கற பல பாட்டு அதுலயும் இருக்கு, சவுண்டு சுத்தம், ஆனா ரெண்டையும் சேத்து வாங்க அவசரம் இல்ல. காசு இருந்தா அடுத்தது 1986 ஐ அகைன்ஸ்ட் ஐதான் எடுக்கணும். அங்க வேகம் கொறஞ்சு கனம் ஏறிருக்கும், மெட்டல் ஃபங்க் எல்லாம் கலந்து, ரெண்டு வருஷம் கழிச்சு முதல் ஆல்பம் விட்ட லிவிங் கலர் மாதிரி பேண்டுக்கெல்லாம் கதவு தொறந்த ஆல்பம் அது. அதுல சேக்ரெட் லவ் பாட்டுக்கு எச்.ஆர். கஞ்சா கேஸ்ல ஜெயில்ல இருந்துகிட்டே ஃபோன்ல பாடினாரு. குரல் கரகரன்னு தூரத்துல கேக்கும், அந்த கேஸ் விஷயம் தெரியறதுக்கு முன்னாடியே அந்த குரல் என்னமோ பண்ணும்.

அதுக்கப்பறம் வண்டி ஒழுங்கா ஓடல. எச்.ஆரும் தம்பியும் ரெகே பாடணும்னு வெளிய போவாங்க, திரும்ப வருவாங்க, திரும்ப போவாங்க. 1993 ரைஸ் ஆல்பத்துல பாடறதே வேற ஆளு. 1995ல பழைய நாலு பேரும் சேந்து மடோனா லேபல்ல காட் ஆஃப் லவ் போட்டாங்க, பெரிய கம்பெனி, அந்த டூர் எச்.ஆர். அடிதடில முடிஞ்சுச்சு. இந்த ரெண்டும் என்கிட்ட இல்ல, வாங்கற எண்ணமும் இல்ல.

ஒரு விஷயத்த மறைக்க விரும்பல. 1982ல ஆஸ்டின்ல பிக் பாய்ஸ்னு ஒரு பேண்டோட பாடகர் ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்னு தெரிஞ்சதும் இவங்க நடந்துக்கிட்ட விதம் ரொம்ப அசிங்கம். 1989 குயிக்னஸ் ஆல்பத்துலயும் அதே வெறுப்போட ஒரு பாட்டு இருக்கு. ட்ரம்ஸ் அந்த ஆல்பத்துல மெஷின் மாதிரி, வாசிச்சது க்ரோ மேக்ஸ்ங்கற பேண்ட்டோட மேக்கி, இருந்தும் நான் அத வாங்கல. ஒதுக்கப்பட்டவனே இன்னொருத்தன ஒதுக்கறது எனக்கு கோவம் வருது, இவங்க மேல இவ்ளோ பிரியம் இருக்கறதாலயே அதிகமா வருது. புதுசா கேக்கப் போறவங்க இத தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க.

கடைசி காலத்துல ஒன்னு நல்லா அமைஞ்சுச்சு, 2007 பில்ட் எ நேஷன். ப்ரொட்யூஸ் பண்ணது பீஸ்டி பாய்ஸ்ங்கற ராப் குழுவோட ஆடம் யாவ்க், சின்ன பையனா இவங்க ஷோவ போயி பாத்து வளந்தவரு. பீஸ்டி பாய்ஸ் முதல் ரெக்கார்டும் இந்த மஞ்சள் டேப்பும் ஒரே ஸ்டுடியோல, நியூயார்க் 171ஏல, பதிவானது. ரசிகன் வளந்து வந்து தன் ஆளுங்களுக்கு பழைய சத்தத்த திரும்ப எடுத்து குடுத்துருக்காரு. 2012ல அவர் எறந்துட்டாரு, அதே வருஷம் வந்த இன்டு தி ஃபியூச்சர்ல கடைசி பாட்டு அவருக்காக. 2015ல டாக்டர் நோவுக்கு இதயம் நின்னு ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சு வந்தாரு, எச்.ஆருக்கு தாங்க முடியாத தலைவலி நோய், மூளைல ஆபரேஷன் வரைக்கும் போச்சு.

சரி, தட்டு. பேஸ் நல்லா கனமா வந்துருக்கு, ஃபோன்ல கேட்டப்ப எனக்கு டாரில் வாசிக்கறது பாதி கேக்கவே இல்லன்னு எல்பி போட்டப்பதான் தெரிஞ்சுச்சு. ட்ரம்ஸ் சத்தம் மட்டும் இன்னும் டப்பாக்குள்ள அடிச்ச மாதிரிதான், மூல டேப்பே அப்படி, ரீமாஸ்டர் பண்ணா அதுல இல்லாதது வராது. பளபளன்னு சவுண்டு எதிர்பாக்கறவங்க ஐ அகைன்ஸ்ட் ஐக்கு போங்க. என் காப்பில ரெண்டு பக்கமும் சத்தமில்லாம ஓடுது, ஐ லவ் ஐ ஜால மட்டும் லேசா ஒரு டிக் டிக், துடைச்சதுக்கப்பறம் கொறஞ்சிருச்சு. பஞ்சுல தண்ணி போட்டு தேய்க்காதீங்க, கார்பன் பிரஷ் வாங்குங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு கவர்ல பூஞ்சை புடிக்கும், நான் உள் உறைய பிளாஸ்டிக் உறையா மாத்தி, அலமாரில சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டுருக்கேன், நிமுத்திதான் வைக்கறேன், படுக்க வச்சா வளையும்.

இதே ஆல்பம் பங்க் நோட்னு இன்னொரு கவர்லயும் வந்துருக்கு, ப்ளூ நோட்ங்கற கம்பெனியோட பழைய ஜாஸ் ரெக்கார்ட் ஸ்டைல்ல. ஜாஸ் வாசிச்ச பசங்களுக்கு அது பொருத்தமான மரியாத, கடையில பாத்தப்ப கை போச்சு, ஆனா எனக்கு இடி விழுற கவர்தான் வேணும்னு தோணுச்சு.

தைப்பூச ப்ராக்டிஸ்க்கு தம்பிங்க வீட்டுக்கு வந்தப்ப பான்ட் இன் டிசிய போட்டு விட்டு, ட்ரம்ஸ் எங்க நிக்குது சொல்லுங்கடான்னு கேட்டேன். மூணு தடவை ஊசிய திருப்பி வைக்க சொன்னானுங்க. கடைசியா இருக்கறதுலயே சின்னவன் பம்பைய மடில எடுத்து வச்சுக்கிட்டு, "அண்ணே இன்னொரு வாட்டி போடுங்க"ன்னு அந்த நிப்பு வர்ற எடத்துல கைய நிறுத்தி பாத்தான், ரெண்டு தடவை தப்புச்சு, மூணாவதுல சரியா நின்னான்.

போன சனிக்கிழம அந்த மாடி கடைல இன்னும் ரெண்டு காப்பி இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேலதான் தொறப்பாரு, படி செங்குத்தா இருக்கும், ஏறினதும் லைட்டுல சாச்சு காட்ட சொல்லி வாங்குங்க.