லெவல் புக்கும் மைக்ரோடிப் பென்சிலும்: 11 வருட அனுபவம்

2014-இல் டிப்ளமோ சிவில் சேர்ந்த வாரம், புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பென்டெல் பி205 என்ற மைக்ரோடிப் பென்சில் வாங்கினேன். உள்ளே போடும் மெல்லிய கரிக்குச்சி, அதாவது லெட், 0.5 மி.மீ. கறுப்பு நிறம். இன்றைக்கும் சட்டைப்பையில் இருப்பது அதேதான். இடையில் இன்னும் 22 பென்சில்கள் சேர்ந்து, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. எதையும் அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை. இரண்டு மாதம் கையில் எடுக்காத பென்சில் அக்கா பிள்ளைகளிடம் போய்விடும்.

பிளான் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போடுகிறேன். ஆனால் சைட்டில் தரையின் மேடு பள்ளம் பார்க்க நிறுத்தும் அளவுகோலில் தெரியும் அளவை (ஸ்டாஃப் ரீடிங்) லெவல் புக் என்கிற நோட்டில் கையால்தான் எழுத வேண்டும். வெயிலில் வியர்வைக் கை, மழைக்காலத்தில் நமத்துப்போன காகிதம், சுற்றிலும் சிமெண்ட் தூசி. இவ்வளவையும் தாண்டி ஒரு பென்சில் உழைக்கிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு.

பி205 உழைக்கிறது. நண்பரின் நகைக்கடைத் தராசில் வைத்தபோது 9 கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. காலையிலிருந்து மாலை வரை எழுதினாலும் விரல் நோவதில்லை. முனையில் 4 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய எஃகுக் குழாய் நீண்டிருக்கும். ஸ்கேல் ஓரத்தில் அந்தக் குழாய்தான் உரசிக்கொண்டு போகும். கோடு விழும் இடம் மறைவில்லாமல் தெரியும். மூடியைக் கழற்றி ரப்பரை உருவினால் அதன் அடியில் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும். உடைந்த லெட் குழாயில் அடைத்துக்கொண்டால் முன்பக்கமாக அதை விட்டுத் தள்ளினால் போதும். அந்த ரப்பரால் நான் அழிப்பதே இல்லை. தேய்ந்து போய்விட்டால் கம்பியைப் பிடித்து இழுக்க முடியாது.

குழாய் முனைக்கு ஒரு ஆபத்து உண்டு. வேறொரு கம்பெனியின் கனமான உலோகப் பென்சில் கையிலிருந்து நழுவி கான்கிரீட் தளத்தில் தலைகுப்புற விழுந்தது. மூக்கு நீண்ட குறட்டால் நிமிர்த்தப் பார்த்தேன். குழாய் முறிந்தே போயிற்று. அன்றிலிருந்து கனமான பென்சில்களைச் சைட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பித்தளை உடம்புள்ள ரோட்ரிங் 600 வீட்டு மேசையில் இருக்கிறது. சுமார் 22 கிராம். கறுப்புப் பூச்சு விரல் படும் இடத்தில் தேய்ந்து, உள்ளே பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது. எனக்கு அது இப்போதுதான் இன்னும் அழகு.

அதிகம் யோசிக்க வைத்தது யூனி பிராண்டின் குரு டோகா பென்சில். மிட்சுபிஷி பென்சில் கம்பெனி 2008-இல் கொண்டுவந்தது. (கார் செய்யும் மிட்சுபிஷிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) எழுத்தை முடித்து முனையைக் காகிதத்திலிருந்து எடுத்து மறுபடி வைக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளேயுள்ள பல்சக்கரம் லெட்டை 9 டிகிரி திருப்பிவிடும். 40 முறை எடுத்து வைத்தால் ஒரு முழுச் சுற்று. லெட் ஒரே பக்கம் சாய்வாகத் தேயாமல் கூராகவே நிற்கும். ஜப்பானிய எழுத்தில் கோடு கோடாகக் கையை எடுத்து எடுத்து எழுதுவார்கள், அதனால் அங்கே வேகமாகச் சுற்றும். நம் எழுத்து வளைந்து வளைந்து ஓடுவது. ‘ஞ’, ‘ணு’ எல்லாம் கை எடுக்காமலே முடிந்துவிடும். தமிழுக்கு இது எடுபடாது என்றுதான் முதலில் நினைத்தேன். நம்மைக் காப்பாற்றுவது புள்ளி! ‘கற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் நான்கு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் லெட் ஒரு படி சுற்றுகிறது. தமிழில் குறிப்பு எழுத இதைவிட நல்ல பென்சில் என்னிடம் இல்லை. படம் வரையத்தான் ஒத்துவராது. ஒரு நீளக் கோட்டை ஒரே இழுப்பில் இழுக்கும்போது சுற்ற வாய்ப்பே இல்லை. முனை லேசாக அமுங்குவதும் கைக்கு உறுத்தும்.

பென்சிலைவிட லெட்டில்தான் நான் கறார். பாலிமர் லெட்டைப் பென்டெல் 1960-இல் கொண்டுவந்த பிறகுதான் இவ்வளவு மெல்லிய லெட் உடையாமல் நின்றது. 0.5 என்று போட்டிருந்தாலும் உண்மையான விட்டம் 0.56 மி.மீ. அந்த அளவு துளி பிசகினாலும் தொல்லை. பேர் தெரியாத மலிவு லெட் ஒரு டப்பா வாங்கி, இரண்டு பென்சிலில் லெட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. சித்திரை வெயிலுக்கு எச்பி லெட் போதும். ஐப்பசி, கார்த்திகையில் அதைவிட மென்மையான, கறுப்பான 2பி போட்டுவிடுவேன். ஈரம் குடித்த காகிதத்தில் எச்பி எழுதாமல் பள்ளம்தான் பறிக்கும்; 2பி அழுத்தாமலே கறுப்பாக விழும். அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் படம் போட 0.7-தான். அந்தச் சொரசொரப்பில் 0.3 லெட் நொறுங்கிவிடுகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் சைட் ஷெட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபின் பெஞ்சுக்கு அடியில் லெவல் புக் ஊறிக் கிடந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் உலர்த்தினேன். ஜெல் பேனாவால் எழுதிய கூலிக் கணக்கு நீலக் கறையாக ஓடிவிட்டது. பென்சிலில் எழுதியிருந்த 1.435 என்ற ஸ்டாஃப் ரீடிங் அப்படியே இருந்தது. லெட்டில் உள்ள கிராஃபைட் தண்ணீரில் கரையாது என்று படித்ததுண்டு, அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மேஸ்திரி பக்கத்தில் குனிந்து பார்த்தார். “சார், என் நோட்டும் போச்சு. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து குடுங்க” என்றார்.

அந்த வாரக் கடைசியில் நேரு வீதிக்குப் போய் இன்னொரு பி205 வாங்கி வந்தேன். மழைக்காலம் முடியவில்லை என்பதால் 2பி லெட் போட்டுக் கொடுத்தேன்.