சிங்கப்பூர் – நியூயார்க்: பல வருடம் பறந்து பார்த்த கணக்கு

மகள் நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் குடியேறியதிலிருந்து, கொரோனா காலம் நீங்கலாக, வருடத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அங்கே போய்வருகிறேன். நேரடி விமானம், ஒரு ஊரில் இறங்கி மாறும் விமானம் இரண்டிலும் போயிருக்கிறேன்.

தூரத்தைத் தேடினால் சுமார் 15,350 கிலோமீட்டர் என்று வரும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். அது வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். ஆனால் நான் போன நேரடி விமானம் எதுவும் அந்த நூலில் போகவில்லை. போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிப் போகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், சுற்றுவழியே சீக்கிர வழி. திரும்பும்போது சில தடவை அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்திருக்கிறோம். அப்போதும் கிழக்கு நோக்கித்தான்! மகளைப் பார்க்கப் போன சாக்கில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாயிற்று.

நேரடி விமானத்தில் நேரம் பதினெட்டு மணி, கொஞ்சம் முன்னே பின்னே. இதற்கென்றே கூடுதல் எரிபொருள் பிடிக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம். எடையைக் குறைக்க 161 இருக்கைதான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அதனால் டிக்கெட் விலையைப் பார்த்ததும் முதலில் தலை சுற்றும்.

பிராங்பர்ட் வழியாகப் போனால் தூரம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல். நேரமோ ஐந்தாறு மணி கூடிவிடும். ஒருமுறை (வேறு ஊர் வழியாக) மாற்று விமானத்தைத் தவறவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ராத்திரி கழித்தேன். மிச்சம் பிடித்த காசு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் போனது.

நேரடியில் கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. பத்தாவது மணிக்கு மேல் நேரம் நகராது. கால் வீங்கும், உதடு காயும். நான் இரண்டு மணிக்கொருதரம் எழுந்து கடைசி வரிசை வரை நடப்பேன், லூசான செருப்பு போட்டுக்கொள்வேன். நடைபாதை ஓரத்து இருக்கைக்குக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

நாள் கணக்குதான் வேடிக்கை. விடிகாலை இரண்டு மணிக்கு மேல் கிளம்பினால், அதே தேதியில் அங்கே காலைப் பசியாறலுக்குப் போய்விடலாம். திரும்பும்போது வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை இறங்குவோம்; சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததே தெரியாது. போகும்போது உடம்பு ஒரு வாரம் முரண்டு பிடிக்கும், திரும்பினால் நாலு நாளில் சரியாகிவிடும்.

அங்கே கோடைக்காலமாக இருந்தால் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி. என் பழைய முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். அடுத்த பயணம் டிசம்பரில். அப்போது வித்தியாசம் பதின்மூன்று மணி என்பதால், ஒரு மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும்.